சுற்றிப் போகிறவள்

வீட்டில் எது பழுதானாலும் அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். அதன் போக்கைக் கவனித்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி தன் கையை மாற்றிக்கொள்வாள். சமையலறைக் குழாயை இறுக்கி மூடினால் சொட்டும். மூடிவிட்டு ஒரு மயிரிழை திருப்பி விட்டால் நிற்கும். படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள் விழ வேண்டுமென்றால் கதவை இடது தோளால் கொஞ்சம் தூக்கிக்கொடுக்க வேண்டும். அடுப்பின் வலது பக்கம் எரிய வேண்டுமென்றால் முதலில் இடது பக்கத்தைப் பற்றவைத்து அணைக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்கு மூச்சு விடுவதுபோலப் பழகிப்போனது. கூடவே இருக்கும் தம்பிக்கே இதில் பாதி தெரியாது. அவன் கை போவதற்குள் அவள் போய்த் திருப்பியோ தூக்கியோ பற்றவைத்தோ முடித்திருப்பாள்.

வெளியாள் வந்தால்தான் குட்டு உடையும். ஒருமுறை சித்தி இரண்டு நாள் தங்கிப் போக வந்தாள். முதல் நாள் காலையில் முகம் கழுவக் குளியலறைக்குப் போனவள், தலையிலிருந்து கால்வரை நனைந்து வெளியே வந்தாள்.

"என்னடி இது, குழாயா தீயணைப்பு வண்டியா? தொறந்த உடனே மூஞ்சியிலயே அடிக்குது!"

"துண்டை மேல போட்டுத் தொறக்கணும் சித்தி."

"அதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கலையே."

"ஏன்டி, குழாய் அடிக்குமான்னு கேட்டுட்டா முகம் கழுவப் போவாங்க? ஒண்ணு பண்ணு. வாசல்ல ஒரு பலகை மாட்டு. உள்ள வர்றவங்க படிச்சு மனப்பாடம் பண்ணிட்டு வரட்டும்."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். குழாய் அப்படியேதான் இருந்தது.

இந்தப் பழக்கம் சின்ன வயதிலேயே வந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு அவளுக்கு. கரும்பலகையில் எழுதுவது வெள்ளைப் புகைபோலத்தான் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது, மற்றவர்கள் கெட்டிக்காரர்கள், அதனால் புகையிலிருந்தே படித்துவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளின் நோட்டைப் பார்த்து எழுதிக் காலம் ஓட்டினாள். எட்டாம் வகுப்பில் இடம் மாற்றி, நோட்டைக் கையால் மறைத்து எழுதுகிற ஒருத்தியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்த வருடம் எல்லாப் பாடத்திலும் போயிற்று. படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் முடிவு செய்தார்கள். அவளும் அதை நம்பினாள். கண்ணாடி போட்டது பத்தொன்பதாவது வயதில். கடையை விட்டு வெளியே வந்து, எதிரே இருந்த மரத்தில் இலைகள் தனித்தனியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

வேலை, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில். துவைத்துக் காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து, கட்டுக் கட்டாக அடுக்கி, மேலே எத்தனை என்று ஒரு சீட்டு எழுதிச் செருக வேண்டும். அவள் நடந்தால் சத்தமே கேட்காது என்பதால் அங்கே அவளுக்குப் பெயர் பூனை. விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கிறவள் வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்குப் பெயர் ரேடியோ. ஒரு விரிப்பை மடிக்கப் பூனைக்கும் ரேடியோவுக்கும் நான்கு அசைவுகள்தான். இருவருக்கும் இடையில் வெள்ளைத்துணி விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, பதினாறு வருடம் போயிருந்தது.

தம்பி அவளைவிட ஒன்பது வயது இளையவன். அப்பா அம்மா இருவரும் இல்லாமல் போன பிறகு அக்காவும் தம்பியுமாக அந்த இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். செல்போன் பழுது பார்க்கும் கடையில் அவனுக்கு வேலை. மீதி நேரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால். ஐந்து வருடமாக அவன் தன்னந்தனியாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தான்.

அந்த விளையாட்டில் ஓர் ஊர். ஊர் என்றால் முழுக்கப் படிக்கட்டு, கீழே கடல். படிக்கட்டு ஏற ஏற முப்பத்திரண்டு வீடுகள். தெருவில் ஓர் ஆள் கிடையாது. எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். விளையாடுகிறவர்தான் தபால்காரி. பையில் கடிதங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறிக் கதவைத் தட்ட வேண்டும். உள்ளே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்கும், அல்லது ஓர் இருமல். கதவடியில் கடிதத்தைச் செருகினால் அந்த வீட்டு ஜன்னலில் விளக்கு எரியும். அவ்வளவுதான் விளையாட்டு. சண்டை இல்லை, மதிப்பெண் இல்லை. உச்சியில் இருக்கும் மேல்வீட்டுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தால் முடிந்தது. 'மேல்வீட்டுத் தபால்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தான்.

அதைச் செய்தவன் ஒருவன். விளையாடிப் பார்த்தவள் ஒருத்தி. சலவைக்கூடத்திலிருந்து சாயங்காலம் வந்து, கைகால் கழுவி, அவன் பக்கத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளையாடுவாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"எப்படி இருக்கு அக்கா?"

"நல்லா இருக்கு."

அந்தப் பதிலுக்காகத்தான் அவன் நாள் முழுக்க அடுத்தவர்களின் உடைந்த போன்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறான் என்று அவளுக்குத் தெரியும். கடையில் அவனோடு வேலை செய்கிறவன் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, "வெளியிடறதுக்கு முன்னாடி ஒரு பத்துப் பேர்கிட்ட குடுத்துப் பாருடா. நாம செஞ்சது நம்ம கண்ணுக்குத் தப்பாத் தெரியாது" என்று சொன்னான். தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க அக்கா அஞ்சு வருஷமா டெஸ்ட் பண்றாங்க. ஒரு தடவைகூட விழுந்ததில்ல" என்றான். அவள் அப்போது டீ கொண்டு வந்தாள். தம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியீடு. தம்பி குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்து உட்கார்ந்தான்.

"என்னடா, பொண்ணு பாக்கப் போறியா?"

"சும்மா இரு அக்கா. எனக்குப் பயமா இருக்கு. நீயே அமுக்கு."

அவள்தான் பொத்தானை அமுக்கினாள். திரையில் 'வெளியிடப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். ஐந்து வருட உழைப்பு முடிந்ததற்கு உலகத்தில் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குள் முப்பத்தேழு பேர் வாங்கியிருந்தார்கள். தம்பி ஒவ்வொரு எண் ஏறும்போதும் சமையலறைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான். மூன்று மணிக்கு மேல் வருவது நின்றது. அவள் எட்டிப் பார்த்தாள். முதுகை வளைத்துக்கொண்டு திரைக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தான். கருத்துகள் வந்திருந்தன.

"ஒன்பதாவது வீட்டுப் படியில ஓடினேன். படி உள்வாங்கிடுச்சு. அஞ்சு நிமிஷமா நீலத்துக்குள்ள விழுந்துக்கிட்டே இருக்கேன். இதுதான் முடிவா? ஏதாவது தத்துவமா?"

"ஏழாவது கடிதம் எடுத்ததும் பை மூட மாட்டேங்குது. எந்தக் கதவும் கடிதம் வாங்க மாட்டேங்குது. தபால்காரி வேலைநிறுத்தமா?"

"பதினோராவது வீட்டுக் கதவுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன். அங்கேயே குடித்தனம் பண்ணிக்கிட்டிருக்கேன். யாராவது வந்து பாத்துட்டுப் போங்க."

"ஊர் ரொம்ப அழகு. ஆனா செஞ்சவர் ஒரு தடவையாவது விளையாடிப் பாத்தாரா?"

அவன் விளையாடிப் பார்த்ததில்லை என்பதுதான் உண்மை. எந்த வீட்டில் வேலையோ, தபால்காரியை நேராக அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திப் பார்ப்பான். அடியிலிருந்து நடந்து ஏறியவள் அக்கா ஒருத்திதான்.

"ஓடினா விழுதாம். ஓடச் சொன்னது யாரு? வேணும்னே சொல்றாங்க அக்கா. கிண்டல் பண்ண ஒரு ஆள் கெடச்சா போதும், கூட்டமா வந்துடுவாங்க."

அவன் விறுவிறுவென்று பதில் அடித்தான். அடித்து முடித்து அவளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினான். "இந்த விளையாட்டை ஒருவர் ஐந்து வருடமாகத் தினமும் விளையாடி வருகிறார். ஒருமுறைகூட விழுந்ததில்லை. உங்களைப் போன்றவர்கள் பொய் சொல்லி ஒரு தனி மனிதனின் உழைப்பை நாசம் செய்யாதீர்கள்."

"சரியா இருக்கா அக்கா?"

அவன் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. நல்லா இருக்கு என்கிற வார்த்தை தன்னால் நுனிநாக்குக்கு வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"போடாதே."

"ஏன்?"

"அவங்க பொய் சொல்லல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் விழுந்திருக்கேன்."

தம்பி நாற்காலியைத் திருப்பினான். "எப்ப?"

"மூணு வருஷம் இருக்கும். அந்தப் படியில ஓடக்கூடாது. நடக்கணும். பையில ஆறுக்கு மேல எடுக்கக் கூடாது. பதினோராவது வீட்டுல கடிதத்தைச் செருகிட்டு உடனே ரெண்டு படி பின்னால வந்துடணும்."

"வேற?"

"இருக்கு."

"எவ்வளவு இருக்கு?"

அவளுக்கே தெரியாது. எண்ணியதில்லை. எண்ணத் தோன்றியதும் இல்லை.

அவன் எழுதியதை அழித்தான். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தாள். போடவில்லை. மெதுவாகத்தான் பேசினான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அஞ்சு வருஷம் அக்கா. எங்கிட்டதான் உக்காந்திருந்தே. ஒரே ஒரு வார்த்தை, நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு. நீ விளையாடவே இல்ல. எனக்காக நடிச்சிருக்கே."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, இஸ்திரிச் சட்டையோடேயே வெளியே போனான்.

அதற்கப்புறம் எட்டு நாள் அவன் அவளிடம் பேசியது மூன்றே வார்த்தைகள். காலையில் 'வர்றேன்', சாயங்காலம் 'சாவி', சாப்பிடக் கூப்பிட்டால் 'அப்புறம்'. கம்ப்யூட்டரைத் தொடவில்லை. திரையில் மெல்லத் தூசி படிந்தது. அவள் அதைத் துடைக்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்து, துடைக்காமல் விட்டாள். சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குக் கால்கள் தானாக அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிப் பக்கம் போகும். பாதியில் நினைவு வந்து, ஏதோ எடுக்க வந்ததுபோல ஜன்னல் வரை போய்த் திரும்புவாள். ஒரே வீட்டில் இன்னொருவர் இருந்தும் ஒற்றை ஆளாக இருப்பது எப்படி என்று அந்த எட்டு நாளில் தெரிந்தது.

சலவைக்கூடத்தில் ரேடியோ கவனித்துவிட்டாள். மடிப்பு இரண்டு தடவை கோணலாகப் போனதே போதும் அவளுக்கு.

"என்ன பூனை, மூஞ்சி ஊறவெச்ச துணி மாதிரி இருக்கு? வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா? சொல்லு."

ஒரு கட்டு மடித்து முடிப்பதற்குள் அவள் சொல்லி முடித்தாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி ரேடியோ கேட்டதில்லை. முதலில் ரேடியோ வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"நான் மட்டும் என்ன யோக்கியம்? எங்க வீட்டுக்காரர் கல்யாணம் ஆன புதுசுல ஆசையா சமைச்சுப் போட்டாரு. உப்பே இல்ல. நல்லா இருக்குன்னு சொன்னேன். பதினாலு வருஷமா உப்பில்லாமத்தான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். இப்பப் போய்ச் சொன்னா அந்த மனுஷன் பதினாலு வருஷத்தையும் திரும்ப நெனச்சுப் பாப்பாரு. அதான் சொல்றதில்ல."

"நான் சொல்லிட்டேனே."

"பாதிதானே சொன்னே. மீதியையும் சொல்லு. அரைகுறையா நிறுத்தினா, அவன் உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டே கெடப்பான்."

"பேச்சு வர மாட்டேங்குது."

"எழுதிக் குடு."

"எழுத்துப் பிழை வருமே."

"பிழையப் பத்தின கடுதாசியில நாலு பிழை கூடக் கெடந்தா யாரு தேடப் போறாங்க? எழுது போ."

அன்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையிலேயே ஆரம்பித்தாள். விரிப்புக் கட்டுகளில் செருகும் சீட்டுகளின் பின்பக்கம்தான் காகிதம். ஒரு சீட்டில் நான்கு வரி பிடிக்கும். எழுதத் தொடங்கியதும்தான் தெரிந்தது, அந்த ஊரில் அவள் நேர்வழியில் போகிற இடமே குறைவு. மழை பெய்யும்போது கதவைத் தட்டினால் உள்ளே சத்தம் வராது. பதினேழாவது வீட்டுக்குப் போய்விட்டுத்தான் பதினாறுக்கு வர வேண்டும். வரிசையாகப் போனால் விளக்கு எரியாது. இருபத்தைந்தாவது வீட்டுப் படியில் நின்றுகொண்டு பையைத் திறந்தால் தபால்காரி கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடுவாள், எவ்வளவு அழைத்தாலும் திரும்ப மாட்டாள். மூன்று நாள் எழுதினாள்.

அந்த வாரம் அவளுக்கு விடுமுறை திங்கட்கிழமை. தம்பி கடைக்குப் போன பிறகு, கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டு, அதைப் போட்டாள். எழுதியதை ஒருமுறை விளையாடிச் சரிபார்க்கத்தான் போட்டது. கருத்துகள் இருந்த பக்கம்தான் முதலில் வந்து நின்றது. அறுபதுக்கு மேல் சேர்ந்திருந்தன. யாருக்கும் பதில் இல்லை. "யாராவது இருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மூடிய கதவைத் தட்டிவிட்டு நிற்கிறவர்போல இருந்தது அது.

அவளால் தாங்க முடியவில்லை. ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தாள்.

"ஒன்பதாவது வீட்டுப் படியில் ஓடாதீங்க. நடந்து போங்க. பையில் ஆறு கடிதம் போதும். தம்பி சரி பண்ணிடுவான்."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "தம்பியா? நீங்க யாரு?"

"அக்கா."

அந்த ஒரு சொல்லுக்கு என்ன மாயமோ, கிண்டல் செய்துகொண்டிருந்தவர்கள் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றார்கள். அக்கா, இருபதாவது வீட்டுல மாட்டிக்கிட்டேன். அக்கா, பதினாறாவது வீட்டுல விளக்கே எரியல. அக்கா, குடித்தனம் பண்ணிக்கிட்டிருந்தேனே, நான்தான், எப்படி வெளிய வர்றது? எல்லோருக்கும் அவள் வழி சொன்னாள். மத்தியானம் சாப்பிட மறந்தாள். "நீங்க சொன்னபடி போய் மேல்வீட்டைப் பாத்துட்டேன். அழுதுட்டேன் அக்கா" என்று ஒருவர் எழுதியிருந்தார். முன்பின் தெரியாத இத்தனை பேர் அவளிடம் பேசியது அவள் வாழ்க்கையில் அன்றுதான். கன்னம் சூடாகிப்போய், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

திரும்பி வந்து பார்த்தால் புதிதாக ஒன்று. எழுதியவர் தனக்கு வைத்துக்கொண்டிருந்த பெயர் முட்டுச்சந்து.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொல்ற வழியில போனா மேல போயிடலாம், உண்மைதான். ஆனா நாங்க வந்தது உங்க தம்பி செஞ்ச ஊரைப் பாக்க. இப்பப் பாக்கறது நீங்க கண்டுபிடிச்ச சந்துபொந்து. எங்களுக்குச் சுத்து வழி சொல்லாதீங்க. எங்கெங்க ஒடஞ்சிருக்குன்னு செஞ்சவர்கிட்டச் சொல்லுங்க. அவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

மூன்று தடவை படித்தாள். பதில் போடவில்லை. சீட்டுகளை எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பி, மீதி இருந்ததையும் எழுதி, ஒன்று இரண்டு என்று எண் போட்டாள். ஐம்பத்தெட்டு வந்தது. கட்டாகச் சேர்த்து ரப்பர் போட்டு, கீபோர்டின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு, அவன் வரும் நேரத்துக்கு அங்கே இருக்கப் பயந்து, தேவையில்லாத ஒரு சாமானை வாங்கக் கடைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது அவன் பாதிச் சீட்டுகளைக் கடந்திருந்தான். கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"மழை பெய்யும்போது சத்தம் வராதா?"

"வராது."

"அது எனக்கே தெரியாது." ஒரு சீட்டை ஒதுக்கி வைத்தான். "ஏன் அக்கா சொல்லல? நான் என்ன அடிச்சிருப்பேனா?"

அவள் வாங்கி வந்த பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"மொதல்ல விழுந்தப்ப, என் கைதான் தப்புன்னு நெனச்சேன். எனக்கு இதெல்லாம் தெரியாதில்ல. அப்புறம் போகப் போக வழி தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பெறகு சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"உனக்கு இல்ல அக்கா. எனக்கு இருந்துச்சு."

சீட்டுகளை முழுக்கப் படித்து முடித்தான். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்கிறவன்போலத் தயங்கிக் கேட்டான். "இதுல நல்லா இருக்கறதுன்னு எதுவுமே இல்லையா?"

"மேல்வீட்டுக்குக் கடிதம் குடுத்ததும், கீழ அத்தனை ஜன்னலும் ஒண்ணா மின்னி எரியுமே, அது நல்லா இருக்கும். அதைப் பாக்கத்தான் தெனமும் விளையாடினேன்."

அது சத்தியமான வார்த்தை. ஆனால் அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான், செல்லுமா செல்லாதா என்று ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல. 'சரி' என்று மட்டும் சொன்னான். முன்பெல்லாம் அவள் 'நல்லா இருக்கு' என்றால் அவன் முகம் மலரும். அந்த மலர்ச்சி அன்று வரவில்லை.

ஆறு வாரத்தில் ஐம்பத்தெட்டையும் சரி செய்தான். கருத்து எழுதிய ஒவ்வொருவருக்கும் தன் பெயரில் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டான். ஒன்பதாவது வீட்டுப் படியில் இப்போது யார் வேண்டுமானாலும் தலைதெறிக்க ஓடலாம். திட்டியவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து நல்லபடியாக எழுதினார்கள். "அக்கா எங்கே, காணோம்?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவள் படித்தாள், பதில் எழுதவில்லை. இனி வழி சொல்ல ஒன்றும் இல்லாதபோது என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்து எதைச் செய்தாலும் முதலில் பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்ப்பது என்று தம்பி முடிவெடுத்தான். முட்டுச்சந்துதான் அந்தப் பத்துப் பேரைச் சேர்த்துக் கொடுத்தாள். ஆம், பெண்தான். வேறு ஊரில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து கேம் செய்கிறவள். சாயங்காலங்களில் தம்பி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவர்களோடு பேசினான். அவர்கள் அவனைக் கிழி கிழியென்று கிழித்தார்கள்போல. அவன் கோபப்படுவான், வாதாடுவான், திடீரென்று உரக்கச் சிரிப்பான். அப்படி அவன் சிரித்து அவள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் வயர்களும் அட்டைப்பெட்டியும் ஏறிக்கொண்டன. அவற்றை இறக்கி வைக்கச் சொல்ல அவள் நினைக்கவில்லை. சமையலறையில் நின்றபடியே, ஹெட்போனுக்கு இந்தப் பக்கம் கேட்கும் பாதிப் பேச்சைக் கேட்டுக்கொண்டு காய் நறுக்கினாள்.

அடுத்த வருடம் அவர்கள் மூவரும் அவனைத் தங்களோடு வந்து வேலை செய்யக் கூப்பிட்டார்கள். அவன் இரண்டு நாள் சொல்லாமல் வைத்திருந்து, மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னான்.

"போடா. இதுக்கா யோசிக்கிறே?" என்றாள்.

"நீயும் வர்றியா அக்கா? அங்கயும் ஆஸ்பத்திரி இருக்கும். சலவை இருக்கும்."

"எனக்கு இங்க வேலை இருக்கே."

அவன் தலையாட்டினான். இன்னொரு தடவை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் கேட்கவில்லை. அவள் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதை அப்படியே எடுத்துக்கொள்வது என்று அவன் முடிவு செய்திருந்தான். அதில் குற்றம் சொல்ல அவளுக்கு இடமில்லை.

ரயில் நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் நின்றாள். "பழைய கம்ப்யூட்டர் உனக்குத்தான். பாஸ்வேர்டு மாத்திட்டேன், எழுதி ஒட்டியிருக்கேன்" என்றான். "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றாள். ரயில் போன பிறகு நடைமேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவசரமாகப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் அதே சலவைக்கூடத்தில் ரேடியோவுக்கு எதிரே நின்று விரிப்பு மடிக்கிறாள். தம்பியும் மற்ற மூவரும் இரண்டாவது விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் அதன் புதிய பதிப்பு பதினோரு பேருக்கு வருகிறது; பதினோராவது பெயர் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து விளையாடி, கண்ட பிழைகளை எண் போட்டு எழுதி அனுப்புகிறாள். பிடித்திருந்தால் அதையும் எழுதுகிறாள்; பெரும்பாலும் எழுத அப்படி ஒன்று இருப்பதில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் தம்பியிடமிருந்து எது சரியாயிற்று, எது ஆகவில்லை என்று பதில் வந்துவிடும். மாதம் இரண்டு முறை போன் செய்கிறான். போனிலும் பேச்சு முக்கால்வாசி பிழைகளைப் பற்றித்தான். போன வாரம் அவள் அனுப்பியது பதினாலு. மற்ற பத்துப் பேர் கண்ணிலும் படாதவை அவற்றில் ஆறு என்று எழுதியிருந்தான். வீட்டில் இப்போது அவள் மட்டும்தான் இருக்கிறாள்.